மணல் என்று எழுதிய இடம்

எங்கள் ஊர் ஓட்டவலசை.
"பேர்லயே வலசை இருக்கே,
எங்கருந்தோ வந்தவங்கதான நீங்க,
இன்னும் ஏழு கிலோமீட்டர் போறதுல என்ன?"
என்று சிரித்தார் வருவாய் ஆய்வாளர்.
நாங்களும் சிரித்து வைத்தோம்.
காகிதம் அவர் கையில் இருந்தது.

நிலம் அளக்க வந்தவர் பெயர் ஞானதாசன்.
பங்குனி வெயிலில் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
அலைக்கு முப்பது அடி இந்தப் பக்கம்
முழங்கை ஆழம் மணலைத் தோண்டி
ஊறும்வரை பொறுத்திருந்து
சிரட்டையில் அள்ளிக் கொடுத்தேன்.
இரண்டு சிரட்டை குடித்தார்.
"கடலை ஒட்டி எப்படிம்மா இவ்வளவு ருசி?"
வாயைத் துடைத்துக்கொண்டு
வரைபடத்தில் அந்த இடத்தில்
மணல் என்று எழுதினார்.

தொழில் என்ன என்றார்.
மரிக்கொழுந்து எடுக்கிறது என்றேன்.
பூ கட்டுறதா?
இல்லை, பாசி. கடலுக்குள்ளே, பாறையில்.
விரலில் சுற்றிய துணியைக் காட்டினேன்.
கூலி என்று போட்டுக்கொண்டார்.
பாறைக்கு சர்வே எண் கிடையாது,
அதனால் அது போனதற்கும் கணக்குக் கிடையாது.
வீட்டுக்கு உண்டு:
இரண்டேகால் சென்ட், தகரக் கூரை,
பெயர்ப்பலகையில் புது நகர்.

ஊத்து இருந்த இடத்தில்தான் வேலி.
வேலிக்குள்ளேதான் உப்பைப் பிரிக்கும் ஆலை.
பிரித்த உப்பை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன்.
கடலில்தான் என்றார் பொறியாளர்.
சின்னப் பையன், பொய் சொல்லத் தெரியாதவன்.
பாறையின் பேரைச் சொல்லி
அதற்குப் பக்கத்திலா என்றேன்.
செல்போனைப் பார்த்தான்.

தங்கை நம்புராணியைக்
கமுதிக்குத் தெற்கே கட்டிக் கொடுத்திருந்தோம்.
கருவேலங்காடு, வாயில் வைக்க முடியாத கிணறு.
ஆறு குடத் தள்ளுவண்டியோடு
அவள் நடந்த நடைக்கு
இலங்கைக்கே போய்த் திரும்பியிருக்கலாம்.
மூத்தவள் சேதுமதி ஒன்பதாவதோடு நின்று
வரிசையில் நின்றாள்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி போன் வந்தது.
"அக்கா, வருதுக்கா. நிக்காம வருது."
பிறகு அவள் பேசவில்லை,
போனைக் குழாயடியில் பிடித்திருந்தாள்.
நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.
அது எங்கள் ஊத்துடி என்று
நாக்கு நுனி வரை வந்தது.
"பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பு" என்றேன்.
அனுப்பிவிட்டாளாம்.
அதற்கப்புறம் அந்தத் தண்ணீரைச்
சபிக்க எனக்கு வாய் வரவில்லை.

தண்ணீரை நிறுத்து என்று
நாங்கள் ஒரு மனுவிலும் எழுதவில்லை.
எழுதித் தந்தவள் ஜெய்லானி பீவி, அவளைக் கேளுங்கள்.
அமாவாசைக்கு மூன்று நாள், பௌர்ணமிக்கு மூன்று நாள்
கடல் வற்றும் நேரத்தில்
வேலியில் ஓர் ஆள் நுழையும் வழி.
உப்புக் குழாயை ஆழத்துக்குத் தள்ளிவிட வேண்டும்.
எங்கள் பெயருக்கு எதிரே
கூலி என்பதை அடித்துத் தொழிலை எழுத வேண்டும்.
நாலு திங்கட்கிழமை, நாலு ரசீது.
"ரெண்டு லட்சம் பேர் குடிக்கிறாங்கம்மா" என்றார்கள்.
தெரியும். அதில் ஒருத்தி என் தங்கை.
இந்த நாற்பத்தொரு வீட்டைக் கழித்தால்தான்
அந்த ரெண்டு லட்சம் வருமா என்று கேட்டேன்.
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

பெரிய குழாய் புது நகர் வழியாகத்தான் போகிறது.
மண்ணில் காதை வைத்தால் சத்தம் கேட்கும்.
எங்களுக்கு இணைப்பு
அடுத்த கட்டத்திலாம்.
அதுவரை லாரி, நாலு நாளைக்கு ஒன்று,
குடம் பன்னிரண்டு ரூபாய்.

இதைச் சொல்லாமல்தான் இருந்தேன்.
சேதுமதி லீவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போய்
சொல்லியிருக்கிறாள்.
போன வாரம் லோடு ஆட்டோவில்
நம்புராணி அனுப்பியது வந்து இறங்கியது.
ஆறு குடத் தள்ளுவண்டி.
கைப்பிடியில் அவள் சுற்றிய சேலைத்துணி
இன்னும் அவிழவில்லை.
சக்கரத்துக்குப் புதிதாக எண்ணெய் போட்டிருக்கிறாள்,
நன்றாக ஓடுகிறது.