பத்தாண்டுச் சான்றிதழ்

இந்த ஊரில் காருக்கே
பத்து வருடம்தான் ஆயுள்.
அப்புறம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்,
இல்லையென்றால் உடைப்புக்குக் கொடுத்துவிட வேண்டும்.
என்னுடையவற்றுக்கு இருபதாகிறது.

ஒவ்வொன்றும் இருநூற்று எழுபத்தைந்து மில்லி.
அட்டை இன்னும் இருக்கிறது,
பாஸ்போர்ட் உறைக்குள்,
நிவாசினியின் தடுப்பூசிச் சீட்டுக்குப் பின்னால்:
கம்பெனி பெயர், வரிசை எண், இடம், வலம்.
கம்பெனி எப்போதோ கைமாறிவிட்டது.
போன் செய்தால் இசை வருகிறது.

அப்போது எனக்கு முப்பத்தொன்று.
விமான நிலையத்தில் சென்ட் விற்றேன்.
காகிதப் பட்டையில் தெளித்து நீட்டி நீட்டி
வீட்டுக்கு வந்து வைக்கும் ரசம்கூட ரோஜா மணக்கும்.
கமிஷன் காசில் இருபத்துநான்கு தவணை.
யாருக்காகடி செய்தாய் என்று
அக்கா பின்னாளில் கேட்டாள்,
ஓர் ஆண்பெயரை எதிர்பார்த்து.
எனக்குத்தான், அக்கா.
கண்ணாடி முன் பக்கவாட்டில் திரும்பி நின்று
அன்றைக்கு நான் சிரித்த சிரிப்புக்கு
இன்றும் வட்டி கட்டச் சொன்னால் கட்டுவேன்.
முதல்தான் கையில் இல்லை.

இடது பக்கம் போன தீபாவளிக்கு முன்பே
இறுகத் தொடங்கிவிட்டது,
ஃப்ரீசரில் மறந்துபோன மாவுப் பொட்டலம் மாதிரி.
ஒருக்களித்தால் விலாவில் இடிக்கிறது.
பேருந்து ஏசியில்
அதற்கு மட்டும் தனியாகக் குளிர்கிறது.

டாக்டர் ஓங் நல்ல மனிதர்.
பேனாவை மூடிவைத்துவிட்டுத்தான் சொன்னார்.
எடுக்க மட்டும் பதினோராயிரம்.
எடுத்துவிட்டுப் புதிது வைக்கப் பதினெட்டு.
ஸ்கேன் தனி.
பார்க்கிங் சீட்டு இருக்கிறதா என்று கேட்டாள்
வாசல் மேசைப் பெண்,
இரண்டு பேருந்து மாறி வந்தவளிடம்.

மெடிசேவ்?
அழகுக்கு இல்லை, மேடம்.
உள்ளே கிழிந்திருந்தால், கடிதம் இருந்தால்,
கேட்டுப் பார்க்கலாம். உறுதி இல்லை.

அன்று மாலை சாமி விளக்கின் முன் நின்றேன்.
கிழியாதே என்று கேட்பதா,
கிழி என்று கேட்பதா.
ஒன்றும் கேட்காமல்
திருநீறு பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

சமூக மன்றத்துக்கு மார்பகப் பரிசோதனைப் பேருந்து வந்தது.
எனக்குப் பின்னால் ஏழாம் மாடி சல்பியா.
படிவத்தில் ஆறாவது கேள்வி.
பேனா கொஞ்சம் நின்றது.
ஆம்.
பதிவு செய்த பெண், பாவம், மெதுவாகத்தான் பேசினாள்:
'ஆன்ட்டி, உங்களுக்கு இந்த வண்டி சரிப்படாது,
ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.'
மெதுவான குரல்தான் வரிசையில் நன்றாகக் கேட்கும்.
சல்பியா என்னைப் பார்க்கவில்லை;
பார்க்காமல் இருப்பதில் அத்தனை கவனம்.
பிறகு லிஃப்ட்டில், நான்காம் மாடி தாண்டும்போது,
'ஜொகூரில் என் அண்ணி செய்துகொண்டாள். பாதி விலை,' என்றாள்.
கதவு திறந்ததும்,
'அவளுக்கு மூக்கு.'

பாதி விலையும் விலைதான்.
சங்கிலிக்கு அடகுக்கடையில் மூவாயிரத்து இருநூறு.
அதுவும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு
ஒருமுறை போய் வந்த சங்கிலி, வழி தெரியும் அதற்கு.
'வெறுமனே எடுத்துடும்மா,' என்கிறாள் நிவாசினி,
கைபேசியிலிருந்து தலை தூக்காமல்.
பதினெட்டு வயதுக்கு
வெறுமனே என்பது சின்னச் சொல்.

இரவில் கொண்டோ வாசலில் காவல்.
தடுப்புக்கோலை ஏற்றி இறக்கி
வண்டி எண்களைப் பதிவேட்டில் எழுதுகிறேன்.
மூன்று மணிக்கு மேல் நாய்கூட வராது.

காலையில் மேற்பார்வையாளர் விரல் வைத்துக் கேட்டார்,
'இது என்ன எண்? மலேசிய வண்டியா?'
என் கையெழுத்துதான்.
பாதித் தூக்கத்தில் இடப்பக்கத்தை எழுதியிருக்கிறேன்,
பதினோரு இலக்கமும் பிழையில்லாமல்.
உள்ளே வந்த நேரம்: ஏதோ கிறுக்கல்.
வெளியேறிய நேரம்: காலி.

'தெரிந்த வண்டிதான் சார்,' என்றேன்.
'இன்னும் உள்ளேதான் நிற்கிறது.'