விலக்கப்படுகிறார்

அறிக்கை இங்கிலீசில் வந்தது.
நீதிமன்ற முதலியார் கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தார்.
பிறகு தமிழில் சொன்னார்:
"முதலாம் எதிராளி
இப்பிள்ளையின் தாயாக இருப்பதிலிருந்து
விலக்கப்படுகிறார்."

முதலாம் எதிராளி நான்.
இரண்டாம் எதிராளி
வட்டுவாகலில் பெயர் பதியப் போனவர்.
அவருக்கு அனுப்பிய அழைப்பாணை
ஒவ்வொரு தவணையும் திரும்பி வருகிறது,
அவரைப்போல் இல்லாமல்.

ஒரு பஞ்சுக் குச்சிதான்.
கன்னத்தின் உள்ளே அரை நிமிசம்.
"கூசுதம்மா" என்று சிரித்தாள்.
அதற்கு முதல்நாள் இரவு, கொழும்பு பஸ்ஸில்,
மாங்குளத்தில் தொடங்கி மதவாச்சி தாண்டும்வரை
என் மடியில் சத்தி எடுத்தவள்.
எனக்கு எந்த வாகனமும் ஒன்றும் செய்யாது.
அவரும் லொறி ஓடினவர்.
இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் என்று
பதினான்கு வருசம் நான் யோசிக்கவில்லை.
முன் இருக்கையில் தவமலர்
ஷொப்பிங் பையை வாயில் பிடித்தபடி
ஓங்காளித்துக்கொண்டிருந்தாள்.
என் அறிக்கை எனக்கு
அங்கேயே கிடைத்துவிட்டது.

கள்ளப் பத்திரம் இல்லை, ஐயா.
புதுக்குடியிருப்பில் பதிந்த பிறப்புத்தான்.
இரண்டாயிரத்து எட்டு, ஒக்ரோபர்.
இயலரசி.
அந்தப் பெயர்க்காரி மாத்தளன் மணலில்.
சேலையெல்லாம் மண்மூட்டையாய்த் தைத்து முடிந்திருந்தது.
ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டி
அந்தச் சேலையில் சுற்றினேன்.
கூறைச்சேலை. கரையில் மட்டும் கொஞ்சம் மினுக்கம் மிச்சம்.

மூன்றாம் நாள் பக்கத்துப் பங்கருக்குள் அழுகை.
தாயைக் காயக்காரரோடு கப்பலில் ஏற்றியது
அப்போது எனக்குத் தெரியாது.
என்னிடம் பால் இருந்தது, குடிக்க ஆளில்லை.
அவ்வளவுதான் நடந்தது.
முகாம் வாசலில் "பிள்ளையின்ர பேர்?" என்றார்கள்.
வாயில் இருந்தது ஒரு பெயர்தான்.

ஊசி போட்ட அட்டை அந்தப் பெயரில்.
பள்ளிக்கூடப் பதிவும்,
சாமத்திய வீட்டுக்கு அடித்த பொன்னெழுத்துக் காட்டும்.
ஒட்டுசுட்டானில் வலைப்பந்துக்குப் போனவளைக் கண்டு
செத்துப்போன தன் தங்கை கோலடியில் நிற்கிறாள் என்று
தவமலர் மைதானத்துக்குள் ஓடிவராவிட்டால்
கல்யாணப் பதிவும் அதே பெயரில்தான்.

நீதவான் பேனையை மூடவில்லை.
"அப்படியென்றால்,
இந்தப் பத்திரத்தில் உள்ள பிள்ளை எங்கே?"

ஒருவரும் கேட்டதில்லை இதை.
அயலும் கேட்கவில்லை, நிவாரணக்காரரும்,
வருசா வருசம் படிவம் நிரப்ப வந்த ஜீ.எஸ்ஸும்.
நானும்கூட.
மே மாதம் எல்லாரும் விளக்கேற்றும்போது
நான் இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
ஆருக்கென்று ஏற்றுவது?

"மாத்தளன்" என்றேன்.
"எத்தனையாம் திகதி?"
சொன்னேன். நேரமும் சொன்னேன்.
தட்டெழுத்தாளர் பிள்ளை அடிக்க
டக், டக் என்று ஏறியது கடதாசியில்.
அப்போதுதான் செத்தாள் என் மகள்.

பிள்ளையிடம் கேட்டார்கள், ஆரோடு போகிறாய் என்று.
தவணைச் சோதனை முடியட்டும் என்றாள்.
அது தீர்ப்பில்லை. என்றாலும் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே பஸ் நிலையத்தில் வெய்யில்.
என் பையில் எப்போதும் கிடக்கும் தேசிக்காய்,
இரண்டு.
ஒன்றை நகத்தால் கீறி அவளிடம் கொடுத்தேன்,
மணந்துகொண்டு போ என்று.
மற்றதைக் கீறித்
தவமலரிடம் நீட்டினேன்.
வாங்கும்போது அவளுடைய கை நடுங்கியது,
என்னுடையதும்.

"அப்ப எனக்கு எப்ப பிறந்தநாள்?"
ஆரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.
"ஜனவரி முப்பது" என்றாள் தவமலர்,
தேசிக்காயைப் பார்த்தபடி.
விரல் மடித்து எண்ணினாள் பிள்ளை.
"மூன்று மாதம் குறைஞ்சிட்டுது எனக்கு."

அந்த மூன்று மாதமும்
என்னுடைய மகளுக்கு.
ஒக்ரோபர், நவம்பர், டிசம்பர்.
நல்ல மழை அந்த வருசம்.
தறப்பாளுக்குக் கீழே
தலை நிமிர்த்தப் பழகிக்கொண்டிருந்தாள்.