அரிசி டின்னுக்கு அடியில்

வாடகைக்கு எடுத்த இழைப்பு இயந்திரம்
தஞ்சோங் மாலிமிலிருந்து லாரியில் வந்தது.
நாளைக்கு நூற்றிருபது வெள்ளி,
மணல்தாளுக்குத் தனிக்காசு.
துரோலாக்கில் அன்று முழுக்க
எங்கள் வீடு மட்டும்தான் பேசியது.

நாற்பதாம் நம்பர் தாளுக்கு
கிராணி வீட்டு மெழுகு
பல்லிடுக்குச் சோறுபோல் உருண்டு வந்தது.
எண்பதில் பலகை மூச்சு விட்டது.
நூற்றிருபதில்
கை வைத்தால் இன்னொரு கை.
செங்கால் மரம்.
பழுக்கலாமா என்று யோசிக்கும் கொய்யாவின் நிறம்.

அடுத்தது பூச்சு.
அதற்குத்தான் ஒரு வாரச் சண்டை.

ஆ லெக் கடையில் மூன்று டின்.
பாலியூரித்தேன்: கண்ணாடி மாதிரி, பத்து வருஷம்;
கீறல் விழுந்தால் அறை முழுக்க மறுபடி.
துங் எண்ணெய்: உள்ளே இறங்கும்,
கீறினால் ஒரு கந்தை போதும்;
காய மூன்று வாரம், வருஷா வருஷம் திரும்பக் கேட்கும்.
தேன்மெழுகு: அழகு.
"ஒரு மழைக்குமேல் அதை நம்பாதே" என்றான் ஆ லெக்,
எங்கள் தமிழைவிட நல்ல தமிழில்.

சாமான் அறையில் மூன்று கட்டம் பூசினோம்,
ரொட்டி டின் மூடி அளவில்.
காய்ந்த பிறகு ஒவ்வொன்றிலும்
ஒரு சொட்டுத் தண்ணீர்,
ஒரு சொட்டுக் கோப்பி,
ஒரு சொட்டு மீன்குழம்பு.

விடிந்தபோது
மெழுகில் வெள்ளை வளையம்.
எண்ணெயில் மஞ்சள், பொட்டு வைத்தாற்போல்.
பாலியூரித்தேன்மேல் குழம்பு குந்தியிருந்தது,
உள்ளே வா என்று யாரும் சொல்லாத விருந்தாளியாக.

"பார்த்தாயா?" என்றேன்.
நான் பளபளப்பின் கட்சி.
லயத்துச் சிமெண்டில் வளர்ந்தவள்;
துடைத்தால் துடைத்தது தெரியவேண்டும் எனக்கு.
தவனேசன் ஈப்போவில் டைல்ஸ்மேல் வளர்ந்தவன்.
பழசு என்றால் அவனுக்கு ஆசை.
பளபளப்போ எண்ணெயோ,
பழசு தெரிந்தால் சரி.

மூலைகளைக் கைத்தாளால் தேய்க்க வந்த ரொஸ்லான்
முன்னறை ஜன்னலோரம் நின்றுவிட்டார்.
எந்தத் தாளுக்கும் மசியாத கறுப்பு.
ஒரு பக்கம் கூர், ஒரு பக்கம் தட்டை.
படகு என்றான் தவனேசன்.
"ஸ்தெரிக்கா" என்றார் ரொஸ்லான்.
எங்கள் சொல்தான், வால் மட்டும் வேறு.

கரி போட்ட இஸ்திரிப்பெட்டி.
கிராணியின் வெள்ளைக் காற்சட்டை விறைக்க
தரையில் போர்வை விரித்து யாரோ தேய்த்திருக்கிறாள்.
யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்.
ஒரு நிமிஷம்.
பிறகு நடந்ததைப் பலகை சொல்லாது.
எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அவன் பளபளப்பில் துணி நனைத்து
அதன்மேல் ஒரு இழுப்பு இழுத்தான்.
கறுப்பு எழுந்து நின்றது,
சட்டம் போட்ட படமாக.
"வருகிறவர்களுக்குக் காட்டலாம்" என்றான்.

அந்த வார்த்தையில் கட்சி மாறினேன்.

பிளேடு எடுத்து உட்கார்ந்து சுரண்டினேன்.
எண்ணெய் வைத்தேன்.
மரம் கறுத்தது, கறையும் கறுத்தது,
நடுவிலிருந்த கோடு தளர்ந்தது.
இப்போதும் தெரிகிறது,
ஆனால் யாரையும் கூப்பிடுவதில்லை.

மூன்று வாரம்
செருப்பைக் கையில் பிடித்துப் பின்கட்டு வழியாக நடந்தோம்.
எண்ணெய்க் கந்தைகளை வேலியில் விரித்தேன்.
சுருட்டி வைத்தால் தானாகவே தீப்பிடிக்குமாம்,
டின்னில் எழுதியிருக்கிறது.
நான்காம் வாரம் தவனேசன் கையிலிருந்து
முதல் மீன்குழம்பு.
அவன் முகம் போன போக்கு!
நான் கத்தவில்லை.
கந்தையை நீட்டினேன்.

சாமான் அறைக் கட்டங்கள் அப்படியே இருக்கின்றன,
அரிசி டின்னுக்கு அடியில்.
மாதக் கடைசியில் டின் லேசாகும்.
நகர்த்திப் பார்ப்பேன்.
மெழுகு மங்கிவிட்டது,
எண்ணெய் தரையோடு தரை.
கண்ணாடிக் கட்டம் மட்டும் வாங்கிய அன்றுபோல்.

உண்மையைச் சொன்னால்
இன்னும் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.