ஈரப்பதம்

முதலில் கையைக் கழுவினேன்,
சோப்பு போட்டு, இரண்டு முறை.
பகலெல்லாம் செல்போன்களின் வயிற்றைத் திறந்து
எறும்புத் தலை அளவு ஸ்க்ரூக்களைத் தேடிய கை.
பற்றவைத்த ஈயத்தின் வாசம்
நகக்கண்ணில் தங்கிவிடும்.
பிறகு வெந்நீர்ப் பாத்திரத்தில்
நல்லெண்ணெய்க் கிண்ணத்தை மிதக்கவிட்டேன்.
"என்னைத் தாளிக்கப் போறியா?"
என்றாள் தையல்நாயகி,
பாய்மேல் விரித்த பழைய நீல லுங்கியில்
குப்புறப் படுத்தபடி.

மாசி பிறந்து நாலு நாள்.
கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் தீரவில்லை.
தலைக்குக் குளித்தும் போகாத நெல் சுணை
கழுத்தோரம் சிவப்பாய்த் தடித்திருக்கிறது.
அந்த இடத்தை மிதிக்காமல்
வரப்போடு சுற்றிப் போகின்றன என் விரல்கள்.

மகள் வலங்கைமானில், அத்தை வீட்டில்.
இரண்டு நாள்.
தெரிந்த நிமிடத்திலிருந்து
நாங்கள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.
தாழ்ப்பாளை மட்டும்
இருவரும் தனித்தனியே போய்ப் பார்த்துவந்தோம்.

இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு முடிச்சு,
புளியங்கொட்டை அளவு.
அழுத்தினால் நழுவுகிறது.
"அங்கதான். இல்ல, கொஞ்சம் மேல.
ம்."
எட்டு வருஷத்தில் அவளுடைய 'ம்'களில்
நாலைந்து எனக்குப் பழக்கம்.
சும்மா சொல்வது, சண்டைக்கு முந்தியது,
தூக்கத்தில் வருவது.
இது வேறு. இது நெஞ்சுக்கூட்டுக்கு
அடியிலிருந்து வந்தது.

நாள் முழுக்க அடுத்தவர் கட்டைவிரலைப் பிடித்து
ரேகைக் கருவியில் வைத்து அழுத்துபவள்.
மண்வெட்டியில் தேய்ந்த விரல்களை
மெஷின் ஏற்பதில்லை.
துடைச்சிட்டு வைங்கய்யா, இன்னொருக்கா வைங்கய்யா,
சொல்லிச் சொல்லிக் குரல் கட்டியிருக்கிறது.
இப்போது என் இரண்டு கட்டைவிரல்கள்
அவள் தண்டுவடத்தின் இருபுறமும் இறங்குகின்றன.
ஒவ்வொரு கணுவிலும் நின்று
என்னைத் தெரிகிறதா என்று கேட்கின்றன.
தெரியும் போலிருக்கிறது.
மூச்சு நீளமாகிறது.

இடுப்புப் பள்ளத்தில் எண்ணெய் தேங்கி
விளிம்பில் தயங்கியது.
விலாப்பக்கம் வழியுமுன்
உள்ளங்கையால் அணைத்து ஏந்தினேன்.
அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்,
வேண்டுமென்றேதான்.
அவள் குதிகாலால் என் முழங்காலைத் தட்டினாள்:
"மேலேயே பாய்ச்சிக்கிட்டு இருந்தா எப்படி?
கடைமடைக்கும் வரட்டும்."

தொடையின் பின்புறம், முழங்கால் மடிப்பு,
கெண்டைச்சதை.
கடைமடையில் வெடிப்பு அதிகம்.
ஒவ்வொரு வெடிப்பும் எண்ணெயைக் குடித்துவிட்டு
இன்னும் கேட்டது.

கேட் போடும் மணி கேட்டது.
நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
பஸ், ஆம்புலன்ஸ், மாப்பிள்ளை கார்
எல்லாம் நிற்கும்.
நாங்களும் நின்றோம்.
சரக்கு ரயில் கடக்கக் கடக்கத்
தரை நடுங்கியது, பாய் நடுங்கியது,
என் கைக்குள் அவள் பாதம் நடுங்கியது.
பாதத்தை மட்டும் ரயில்மேல் போட முடியாது.
"நான் பில் போட்ட மூட்டைங்க" என்றாள்
தலையணைக்குள்.
"நாப்பது பெட்டியாவது இருக்கும், எண்ணு."
எண்ணவில்லை.

மறுபடி மேலேறி
பிடரி முடியை ஒதுக்கி, உதட்டை வைத்தேன்.
எண்ணெய், வியர்வை, லேசாய் வைக்கோல்.
சிரித்தாள்: "என்ன, ஈரப்பதம் பாக்கிறியா?"
"பதினேழைத் தாண்டிடுச்சும்மா.
எடுக்க முடியாது, காயவச்சுக் கொண்டாங்க."
பகலில் அவள் பேசும் அதே குரலில் சொன்னேன்.
சிரித்துச் சிரித்து முதுகு குலுங்கியதில்
நான் அரைமணி நேரம் துரத்திய முடிச்சு
எங்கே போனதென்றே தெரியவில்லை.

பிறகு திரும்பிப் படுத்தாள்.
அடிவயிற்றில் குறுக்கே ஒரு கோடு,
மகள் வந்த வழி.
ஆறு வருஷமாக அந்த இடத்துக்குக் கை போனால்
மெதுவாய் எடுத்து வேறிடத்தில் வைப்பாள்.
பேரிலேயே தையல் இருக்கே என்று
ஒருமுறை வேடிக்கை பேசி
மூன்று நாள் பட்டினி கிடந்திருக்கிறேன்.
இன்று அவளே என் கையை எடுத்தாள்.
எடுத்து, அங்கே வைத்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்ணெய் ஆறிவிட்டிருந்தது.
உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றி
மறுபடி வைத்தேன்.
அழுத்தவில்லை.
ஸ்க்ரூ தேடும் விரல்களுக்கு
இவ்வளவு சும்மா இருக்கத் தெரியும் என்று
நான் நினைத்ததில்லை.

கேட் திறந்து வண்டிகள் உறுமிக் கிளம்பின.
தையல் எழுந்து உட்கார்ந்தாள்.
காதோரம் எண்ணெய் மினுங்கியது.
என் சட்டைப் பித்தானில் ஒரு கை,
மறு கையை என் முன்னால் நீட்டினாள்:
"கொஞ்சம் ஊத்து."