அறுபத்திரண்டு நாள்

கண்ணாடிச் சில்லை முதலில் சூடேற்ற வேண்டும்,
முப்பத்தேழு டிகிரி.
குளிர்ந்த சில்லில் உயிருள்ளதும் செத்ததுபோல் கிடக்கும்,
நான் பொய் எழுதிவிடுவேன்.
குரும்பாபேட்டையில் காலை ஒன்பதுக்குள் இரண்டு முறை
கரண்ட் போய் வந்திருந்தது.
சூட்டுத் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன்.
தோசைக்கல் பழக்கம், கை தானாகப் போகிறது.

நெல்லித்தோப்பிலிருந்து ஆட்டோவில் வந்தான் மர்சேய்.
ஐம்பத்திரண்டு கிலோ ராட்வீலர்.
டிரைவர் வழி முழுக்கக் கழுத்தைத் திருப்பவேயில்லையாம்.
கூட வந்தவர் பெனுவா சவரிராயன்,
அப்பாவின் சொல்தா பென்ஷனில் குட்டியாக வாங்கியவர்.
நான்கு வீடுகள், நான்கு பெட்டைகள்,
ஒன்றுக்கும் சினை பிடிக்கவில்லை.
கடலூர் முதுநகர்க்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்.
"பெட்டைங்க மேலதான் மேடம் தப்பு,"
நான் எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

ஹாஸ்டல் வாசல் செவலைக்கு அது பருவம்.
ஒரு பன்னைக் காட்டி அழைத்துவந்தார் கலிவரதன்.
அவள் பன்னைத் தின்றாள்,
மற்றதெல்லாம் எங்கள் பாடு.
டாக்டர் இளவெயினி கையுறையோடு மண்டியிட்டார்.
சவரிராயன் சுவரில் இருந்த
வெறிநோய்த் தடுப்பூசி அட்டவணையை
எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார்.

மூன்று குழாய்கள்.
நடுவில் உள்ளது பால்போல் இருக்க வேண்டும்.
மூன்றும் இளநீராக இருந்தன.

நல்ல நாயின் ஒரு துளி எப்படி இருக்கும் தெரியுமா,
கோரிமேடு சிக்னலில் பச்சை விழுந்த நொடி:
எல்லோரும் ஒரே சமயத்தில்,
யாரும் யாருக்கும் வழிவிடாமல்.
இங்கே பந்த் நாள்.
கட்டம் கட்டமாக நகர்த்தினேன்.
ஒரு செதில். ஒரு காற்றுக்குமிழி.
சுழற்றி எடுத்து அடியில் தங்கியதையும் பார்த்தேன்.
எண்ணும் கருவியைக் கட்டைவிரல் ஒருமுறைகூட அழுத்தவில்லை.

சுழியிலும் இரண்டு வகை உண்டு.
வழி அடைத்திருக்கலாம்,
வழி திறந்திருந்தும் கிளம்ப யாரும் இல்லாதிருக்கலாம்.
விரையை ஒட்டிய சுருள்குழாயில் ஊறும் ஒரு நொதிக்கு
அது தெரியும்.
ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், மஞ்சள் ஏற ஏற எண் ஏறும்.
ஏறியது, பதினெட்டாயிரம் வரை.
கதவு திறந்துதான் இருக்கிறது.
வீட்டில் ஆளில்லை.

"கொஞ்சம் கம்மின்னு எழுதக் கூடாதா மேடம்?"
கம்மி என்று எழுதவும் ஓர் எண் வேண்டுமே, சவரிராயன்.

புருசெல்லா அட்டையில் ஒற்றைக் கோடு. நோய் இல்லை.
டாக்டர் நாயின் தோளைத் தடவினார்,
ஆணழகன் போட்டிக்குப் போகிறவன் தோள்.
"ஊசி ஏதாவது போட்டீங்களா?"

போன ஷோவில் மூன்றாம் பரிசுதான் கிடைத்தது.
உடம்பு ஏறட்டும் என்று வாரம் ஒன்று, எட்டு வாரம்.
முத்தியால்பேட்டை ஜிம்மில் ஒரு பையன் கொடுத்தது.
"எனக்கு வாங்கினதுல மிச்சம் இருந்துச்சு மேடம்."

கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடியது.

நிறுத்திவிடுங்கள் என்றார் டாக்டர்.
நாய்க்கு ஒரு விந்தணு உருவாக அறுபத்திரண்டு நாள்.
இரண்டு மாதம், சிலதற்கு நான்கு மாதம்.
பிறகு கொண்டு வாருங்கள்.
"வந்துடுமா?"
"வரலாம்."

பெல்ட்டைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு
நாயிடம் கேட்பதுபோல் கேட்டார்:
"மனுஷனுக்கு?"
கையுறையைக் கழற்றியபடி, நிமிராமல்,
"எழுபத்திநாலு," என்றார் டாக்டர்.

அளவு: ஒன்பது மில்லி. நிறம்: இல்லை. அசைவு: இல்லை.
அடுத்த தேதி என்ற இடத்தில்
காலண்டரைப் பார்த்து எண்ணி எழுதினேன்.
கையெழுத்துக்குப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது,
வெளியே ஆட்டோவின் மூன்று சக்கரங்களிலும்
மர்சேய் போட்டு முடித்திருந்தான்.