காய்ந்தால் தெரியும்

நாற்பதாம் வருஷம், ஜூலை.
புதுச்சேரி மேரி அலுவலகச் சுவரில்
படம் இறங்கிவிட்டது, ஆணி இருக்கிறது.
சைகோன் ரேடியோ 'நாட்டுத் தலைவர்' என்கிறது.
லண்டன் ரேடியோ சொல்கிற வார்த்தை
காதில் விழாத மாதிரி
அதிகாரி சிகரெட் பற்றவைக்கிறார்.

ஜனாதிபதி இல்லையாம். ராஜாவும் இல்லை.
கிழவரின் கையெழுத்து மட்டும்
கப்பலேறி வந்துகொண்டிருக்கிறது.

வைத்திக்குப்பத்து அஞ்சாப்புலி
பிறப்புப் பதிய வந்தான்.
பெண். நேற்று, கச்சான் அடித்த ராத்திரி.
"எந்த ராசாங்கத்துல பொறந்திருக்கா முசே?"

முத்திரைக் கட்டையில் இன்னும் குடியரசு.
மையைப் பாதி துடைத்துவிட்டு
லேசாக அழுத்தினேன்.
வட்டம் விழுந்தது,
எழுத்து விழவில்லை.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"நடுவுல ஒண்ணுமில்லியே?"

"ஈரம்" என்றேன்.
"காய்ந்தால் தெரியும்."