முப்பத்தேழரை

புதுவயலில் இரண்டு அரிசி ஆலைகளுக்கு நடுவே
எங்கள் தகரக் கொட்டகை.
ஒரு பக்கம் அவித்த நெல்லின் வாடை,
மறுபக்கம் தவிடு.
இடையில் நாங்கள் மரத்தை மாவாக்குகிறோம்.

பெத்தபெருமாள் அண்ணன் குரல்பதிவு அனுப்பியிருந்தார்:
"படைப்புக்கு வர்ற புள்ளிக்கு ஒரு பலகை.
விலாசம் மேலே, பேரு கீழே.
மொத்தம் முப்பத்தேழரை."
ஏழரை என்றதும் சவரிராயன் சிரித்தான்:
"சனி பிடிச்ச ஆர்டருக்கா."

அரைப் பலகை எப்படிண்ணே வெட்டுறது?
அந்தப் பக்கம் கொஞ்சம் இருமல்.
"தம்பதியா இருந்தா ஒரு புள்ளிம்மா,
ஒருத்தர் போயிட்டா அரை.
அது வரிக் கணக்கு.
பலகையை முழுசாவே வெட்டு."

கானா தேக்கு.
தூத்துக்குடியில் இறங்கி லாரியில் வந்த பிறகும்
கடல் ஈரம் விடவில்லை.
மேசையில் டேப் ஒட்டி இறுக்கி,
பிட்டின் நுனிக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து
இழுத்தால் லேசாகப் பிடிக்கும்வரை இறக்கினேன்.
அதுதான் பூஜ்யம்.
அங்கிருந்துதான் ஆழத்தை எண்ணத் தொடங்கும் சிஎன்சி.

எழுத்துகளில் சிரமமில்லை.
ழகூட வளைந்து நெளிந்து
தன் வாலைத் தானே பிடித்துவிடும்.
புள்ளிகள்தான் உயிரை வாங்கின.
ஒவ்வொரு மெய்யின் தலைக்கும்
ஸ்பிண்டில் எழும்ப வேண்டும், நகர வேண்டும், இறங்க வேண்டும்,
கொசு மாதிரி ஒரு கடி,
மறுபடி மேலே.
முப்பத்தெட்டுப் பலகைக்கு இருநூற்றுப் பதினொரு கடி.

"பழைய கல்வெட்டுல புள்ளியே கிடையாதாம்க்கா,
தூக்கிட்டா மதியத்துக்குள்ள முடிஞ்சிரும்."
அண்ணனைக் கேட்டேன்.
"புள்ளிக்குத் தர்ற பலகையில புள்ளி இல்லேன்னா
நாளைக்கு எவன் வரி கட்டுவான்?"

ஒரு மில்லிமீட்டர் பிட் மூன்று உடைந்தது.
பதினாலாவது பலகையில் கரண்ட் போய்
சொக்கலிங்கம் சொக்கலியோடு நின்றார்.
ஜெனரேட்டர் போட்டு,
விட்ட வரியைத் தேடிப் பிடித்து ஓட்டியதில்
மிச்சப் பெயர் மயிரிழை கீழே இறங்கிவிட்டது.
அவரைப் புதிதாக வெட்டினோம்.
பழைய சொக்கலிங்கம் கம்ப்ரசருக்கு முட்டுக்கொடுக்கிறார்.

கடைசிப் பலகை மெய்யம்மை.
பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே
பென்சிலில் சின்னதாய், அரை.
பத்தொன்பது நிமிடம் ஓடியது,
எல்லாருக்கும் ஓடிய அதே பத்தொன்பது.
முதலில் யகரத்தின் தலையில் ஒன்று,
பிறகு மகரத்தின் தலையில் ஒன்று.
முழுசாய் இரண்டு.
சவரிராயனிடம் சொல்லவில்லை.
தூசி உறிஞ்சி ஓடிக்கொண்டிருந்தது,
கத்திச் சொல்லும் விஷயமாகவும் படவில்லை.

பலகைக்கு அறுநூற்று நாற்பது.
அண்ணன் அனுப்பியது இருபத்துநாலாயிரம்.
சுத்தமான தொகையாய் இருக்கிறதே என்று
வகுத்துப் பார்த்தேன்.
முப்பத்தேழரைதான்.
நோட்டில் எழுதினேன்: மெ. பலகை, பாக்கி 320.

மறுநாள் எடுத்துப்போக ஒரு வெள்ளைக் கார் வந்தது.
ஓட்டி வந்த அம்மாவுக்கு அறுபது இருக்கும்,
புடவைக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ.
பெட்டியைக் கிளறித் தன் பலகையை எடுத்தார்.
புள்ளிக்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டு
ஒட்டியிருந்த தூளைக் கெல்லினார்.
"யாரு செஞ்சது?"
"மிஷின்தாம்மா."
"மிஷின் பெருக்காதோ?"

பெட்டிகளை டிக்கியில் ஏற்றும்வரை
அவர் உள்ளேதான் நின்றார்.
நோட்டு திறந்தே கிடந்ததை
நான் பிறகுதான் கவனித்தேன்.

கார் ஆலை முக்கில் திரும்பும்போது
சுவரில் தொங்கும் பெட்டி
அத்தனை இரைச்சலுக்கும் மேலே
தன் பெண்குரலில் அறிவித்தது:
முந்நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது.

"யாருக்கா போட்டது?"
அடுத்த வேலை ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு.
பிட்டுக்கு அடியில் வைக்கிற காகிதத் துண்டு
எங்கேயோ பறந்துபோயிருந்தது,
குனிந்து தேடிக்கொண்டிருந்தேன்.